நான் வெட்டச் சொன்ன காட்சி

அந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேன். சற்று நேரம் கழித்து, என்னை அழவைத்த அதே காட்சியை மட்டமானது என்றும் வெட்டி எறிய வேண்டியது என்றும் ஓர் அறை நிறைய ஆட்கள் முன்னால் சொன்னேன்.

என் குற்றம் இவ்வளவுதான். இதற்கெல்லாமா ஒரு வாக்குமூலம் என்று நீங்கள் நினைக்கலாம். ஒருவன் ஒரு குறும்படத்தைப் பற்றி மனதில் பட்டதற்கு மாறாக ஏதோ சொல்லிவிட்டான்... அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

நானும் வெகுநாள் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நஷ்டம் யாருக்கு என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அதைவிடக் குழப்பமான ஒன்று இருக்கிறது. நான் சொன்னது பொய்தானா? அதையே என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொய் என்று தெரிந்தால் மன்னிப்பாவது கேட்கலாம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மில்பிடாஸில் குடியிருக்கிறேன். சான்டா கிளாராவில் சிப்புகளைச் சோதிக்கும் வேலை. அந்த வேலையில் சந்தேகத்துக்கு இடமில்லை. சிப் ஒன்று தேறும், அல்லது தேறாது. ஆனால் இங்கே எங்கள் தமிழ் வட்டத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வேலையைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ரசனைக்காரன் என்றுதான் தெரியும். புதுப் படம் வந்தால், டிக்கெட் எடுக்கும் முன் எனக்குச் செய்தி அனுப்புவார்கள். "பாஸ்கர், வொர்த்தா?" நான் இரண்டு வரி எழுதினால் போதும். நான்கு குடும்பங்கள் போகும், அல்லது போகாது.

அது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் பிடித்திருந்தது.

இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது தெரியுமா? கரூரிலிருந்து சென்னைக்குப் பொறியியல் படிக்கப் போனபோது, விடுதியில் முதல் வாரமே எனக்குப் பிடித்த ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்தேன். அறையில் இருந்த மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பாட்டை நான் பாடியதில்லை.

அன்று ஒன்று கற்றுக்கொண்டேன். ஒன்றைப் பிடிக்கிறது என்று சொல்பவன் மாட்டிக்கொள்கிறான். பிடிக்கவில்லை என்று சொல்பவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அவனிடம்தான் மற்றவர்கள் வந்து கேட்பார்கள். பிறகு காரணம் சொல்லக் கற்றுக்கொண்டேன். அழகாகக் காரணம் சொல்லத் தெரிந்தவனுக்கு ரசனை இருக்கிறது என்று உலகம் எடுத்துக்கொள்கிறது. எனக்கு ரசனை இருந்ததா? இருக்கலாம்... அதை நான் திறந்து பார்த்ததே இல்லை.

என் மனைவி உமாவுக்கு இதில் பங்கில்லை. அவளுக்குப் பிடித்தது பிடிக்கும். கல்யாணமான புதிதில் காரில் தன் பாட்டுகளைப் போடுவாள். "இதெல்லாம் எப்பிடித்தான் கேக்கறியோ" என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். சில மாதங்களில் போடுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய ரசனை மாறிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒருநாள் அவளுடைய காரை ஆயில் மாற்ற எடுத்துப் போனேன். கராஜிலிருந்து பின்னால் எடுக்கும்போது, வீட்டுக்குள் இருந்த அவளுடைய போனோடு கார் தானாகவே இணைந்துகொண்டது. ஒரு பாட்டு நடுவிலிருந்து பெரிய சத்தத்தில் பாட ஆரம்பித்தது. அதே பழைய ரகம்தான். வீட்டைவிட்டு விலகியதும் நின்றுபோனது. தனியாக ஓட்டும்போது மட்டும், இவ்வளவு சத்தமாக வைத்து... எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் திரும்பி வந்து அதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன்.

சான்டா கிளாராவில் ரகுராமன் என்ற நண்பர் இருக்கிறார். அமெரிக்காவுக்குப் படிக்க வருவதற்கு முன் சென்னையில் இரண்டு படங்களில் உதவி இயக்குநராக இருந்தவர். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், அவருடைய கராஜில் காரை வெளியே நிறுத்திவிட்டு, திரை கட்டி, மடக்கு நாற்காலிகள் போட்டுப் படம் பார்ப்போம். பார்த்தபின் பேசுவோம். ரகு அதிகம் பேச மாட்டார். ஆனால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று எல்லோரும் கவனிப்பார்கள். நானும்தான்.

சுகந்தி எங்கள் குடியிருப்பு வளாகத்திலேயே இரண்டு கட்டடம் தள்ளிக் குடியிருந்தாள். திருச்சிப் பெண். மென்பொருள் சோதிக்கும் வேலை. பிள்ளைப்பேற்றுக்கு உதவ அவளுடைய அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருந்தார். குழந்தை தூங்கும் நேரங்களில் அவள் தன் போனிலேயே ஒரு படம் எடுத்திருந்தாள். மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா வரும் ஒரு தாயின் கதை. மகளாக அவளே நடித்திருந்தாள், தாயாக அவளுடைய அம்மா. அதை எங்கள் கூட்டத்தில் காட்ட விரும்பினாள்.

அன்று கராஜ் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உமா எனக்கு முன்வரிசையில்.

படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த அம்மாவுக்கு ஃப்ரீவே என்றால் பயம். கார் வேகமெடுக்கும்போதெல்லாம் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார். மகள் அதைக் கிண்டல் செய்வாள். கடைசியில் விசா முடிந்து அம்மா ஊருக்குக் கிளம்புகிறார். மகள் விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்புகிறாள். சிவப்பு விளக்கில் கார் நிற்கிறது. பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. மகள் கையை நீட்டி அந்தக் கைப்பிடியைத் தொடுகிறாள்.

அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

அதன்பின் அவள் அழுகிறாள். வெகுநேரம் அழுகிறாள். வயலின் வேறு சேர்த்திருந்தாள், பெரிதாக. மூக்கு ஒழுகுகிறது, வாய் கோணுகிறது, துடைத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் துப்பட்டாவைத் தேடுகிறாள். அப்போது போன் அடிக்கிறது. விமானம் ஏறப்போகும் அம்மா. ஸ்பீக்கரில் அவருடைய குரல் கேட்கிறது.

"வீட்டுக்குப் போயிட்டியா?"

"போயிட்டே இருக்கேம்மா."

"அழுறியா?"

"இல்லம்மா. சளி."

"மூக்கச் சிந்திட்டுப் பேசு. புள்ளைக்கு ஒட்டிக்கப் போவுது."

அந்த இடத்தில்தான் எனக்குக் கண்ணீர் வந்தது. கண் கலங்கியது என்று நாகரிகமாகச் சொல்லலாம்; ஆனால் நடந்தது அதுவல்ல. தோள் குலுங்கி, சத்தம் வெளியே வராமல் இருக்கக் கையைக் கடித்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? என் அம்மா ஒருமுறை இங்கே வந்து போனார். அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நான் நேராக அலுவலகம் போனேன். ஏறும் முன் அவர் போன் செய்தார். நான் மீட்டிங்கில் இருந்தேன். எடுக்கவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று செய்தி அனுப்பினேன். அவருக்குச் செய்தி படிக்கத் தெரியாது. இப்போதும் அவர் கரூரில்தான் இருக்கிறார். ஞாயிறுதோறும் பேசுகிறோம். அந்த அழைப்பைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்படியானால் நான் அழுதது சுகந்தியின் படத்துக்கா, என் அம்மாவுக்கா? அந்தக் காட்சி நல்ல காட்சியா, அல்லது என்னுடைய பழைய புண்ணில் தற்செயலாகப் பட்ட விரலா? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. அன்று தோன்றியது ஒன்றே ஒன்று: யாராவது பார்த்துவிட்டார்களா?

அப்போது இருட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னச் சிரிப்பு, மூச்சுவிடுவது போல. ரகுவின் சிரிப்பு.

அவ்வளவுதான். நான் எழுந்து வீட்டுக்குள் போய், குளியலறையில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. ஆனால் மனம் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தது. காரணங்களை அடுக்க ஆரம்பித்திருந்தது.

விளக்குப் போட்டார்கள். தட்டுகளில் பஜ்ஜி வந்தது. யார் முதலில் பேசுவது என்று எல்லோரும் தயங்கும் அந்த நேரத்தில், என்றும் பேசாத உமா பேசினாள்.

"எனக்கு அந்தக் கடைசி சீன் ரொம்பப் புடிச்சுது. அந்த போன் வரும்போது..."

அவள் முடிக்கவில்லை. ஏனென்றால் நான் புகுந்துவிட்டேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"உமாவுக்கு யாராச்சும் அழுதாப் போதும், சூப்பர் படம்."

எல்லோரும் சிரித்தார்கள். உமாவும் சிரித்தாள். பிறகு அவள் காலித் தட்டுகளைச் சேகரிக்க எழுந்தாள். என் தட்டில் பஜ்ஜி இன்னும் இருந்தது. அதையும் எடுத்துப் போய்விட்டாள்.

நான் பேச ஆரம்பித்தேன். நன்றாகப் பேசினேன். அதுதான் கொடுமை... என் வாழ்க்கையில் ஒரு படத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை.

"சுகந்தி, அந்த ஹேண்டிலத் தொடற எடத்துலயே உன் படம் முடிஞ்சுபோச்சும்மா. அது பிரமாதம். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் எங்களுக்கு ஸ்பூன்ல ஊட்டி விடறது. ஸ்க்ரீன்ல ஒருத்தர் அழுதா பாக்கறவனுக்கும் அழுகை வரும், அது ரிஃப்ளெக்ஸ். அது சினிமா இல்ல. வயலினயும் தூக்கு, அழுகையயும் தூக்கு. தப்பா நெனச்சுக்காத, நடிப்பும் அங்க கொஞ்சம் ஓவர்."

பேசும்போது ரகுவைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். இன்னும் இருவர் ஆமோதித்தார்கள். சுகந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரிண்ணா. எனக்கும் ஒரு டவுட் இருந்துச்சு" என்றாள்.

திரும்பும் வழியில் உமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு நெருங்கும்போது கேட்டாள்.

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"அலர்ஜி. இந்த சீசன்ல வர்றதுதானே."

"ம்."

அந்த 'ம்' என்ற ஒலியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எதையும் கேட்காத, எதையும் நம்பாத ஓர் ஒலி.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, 'கோழை, பொய்யன்' என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். நான் சொன்ன காரணங்களை இன்னொரு முறை படியுங்கள். அவற்றில் எது தவறு? கைப்பிடியோடு முடிவதுதானே அழகு? அழுகையும் வயலினும் வேண்டாத சுமைதானே? உங்களிடம் கதையைச் சொன்னபோது, 'அங்கே முடிந்திருக்கலாம்' என்று எழுதினேனே, அப்போது நீங்களும் தலையாட்டினீர்களா இல்லையா?

பார்த்தீர்களா... அங்கேதான் நான் சிக்கிக்கொண்டு கிடக்கிறேன்.

சுகந்தி படத்தை வெட்டினாள். வெட்டியதை முதலில் எனக்குத்தான் அனுப்பினாள். இப்போது மகளின் விரல்கள் கைப்பிடியைத் தொடுகின்றன, விளக்குப் பச்சையாகிறது, திரை இருள்கிறது. சத்தமே இல்லை. "பர்ஃபெக்ட்" என்று எழுதி அனுப்பினேன்.

சான் ஹோசேயில் நடந்த ஒரு சிறிய குறும்பட விழாவில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். தமிழே தெரியாதவர்கள் நிறைந்த அரங்கு. படம் முடிந்ததும் யாரும் உடனே கைதட்டவில்லை. பிறகு அரங்கமே எழுந்தது. நடுவர்களில் ஒருவர் அந்த முடிவின் அடக்கத்தைப் பற்றித் தனியாகப் பேசினார். பரிசு கிடைத்தது. சுகந்தி மேடையில், "திஸ் எண்டிங் பிலாங்ஸ் டு பாஸ்கர் அண்ணா" என்று சொல்லி என்னைக் காட்டினாள். நான் எழுந்து கையசைத்தேன்.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. படம் ஓடியபோது நான் அந்தப் போன் அடிக்கும் என்று காத்திருந்தேன். அடிக்காது என்று தெரியும், வெட்டச் சொன்னவனே நான்தான்... இருந்தும் காத்திருந்தேன். விரல்கள் கைப்பிடியைத் தொட்டபோது அரங்கில் எனக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கண் வறண்டிருந்தது. இவ்வளவு பேருக்குப் படும் ஒன்று எனக்குப் படவில்லை. எனக்குப் பட்டதை நானே கொன்றுவிட்டேன். இதில் யாருடைய ரசனை சரி? அந்த அரங்கினுடையதா? கையைக் கடித்துக்கொண்டு அழுத என்னுடையதா? காரணம் சொன்ன என்னுடையதா?

வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தபோது ரகு வந்தார். என் முதுகில் தட்டினார்.

"நல்லா வேலை பண்ணியிருக்க பாஸ்கர். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு அந்த போன் கால் புடிச்சிருந்துச்சு."

"என்ன?"

"மொதல் கட்ல வரும்ல, 'மூக்கச் சிந்திட்டுப் பேசு'ன்னு. எங்கம்மாவே பேசற மாதிரி இருந்துச்சு. சிரிச்சுட்டேன் நான். அதத்தான் அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சுட்ட. நீ சொன்னதும், சரி, நமக்குத்தான் சென்டிமென்ட் ஜாஸ்தி போலன்னு விட்டுட்டேன்."

நான் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தேன். அவருடைய சிரிப்பைக் கேட்டு நான் மாறினேன். என் பேச்சைக் கேட்டு அவர் மாறினார். அப்படியென்றால் அந்தக் காட்சி யாருக்குத்தான் பிடிக்காமல் போனது? அன்று அந்தக் கராஜில் அதைப் பிடிக்காத ஒரு ஆள்கூட இல்லையோ?

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நானும் அழுதேன் ரகு" என்று மூன்று சொற்கள். அவர் சிரித்திருப்பார், நானும் சிரித்திருப்பேன். ஆனால் உள்ளே சுகந்தி பரிசோடு புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "இல்ல ரகு, படத்துக்கு இதுதான் கரெக்ட்" என்றேன்.

அடுத்த ஆண்டு சுகந்தியின் அம்மா இறந்துபோனார். திடீரென்று, தூக்கத்திலேயே. சுகந்தி கைக்குழந்தையோடு திருச்சி போய்விட்டு வந்தாள். வந்த சில நாட்களில், ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தை இப்போது நடக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் வரவேற்பறையில் சோபாவைப் பிடித்துக்கொண்டு நடந்தது. உமா அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணா, ஒரு ஹெல்ப். என் படத்தோட ஃபர்ஸ்ட் கட் உங்ககிட்ட இருக்கா? ஸ்க்ரீனிங்குக்கு முன்னாடி எல்லாருக்கும் லிங்க் அனுப்பியிருந்தேன்ல. நீங்க யாராச்சும் டவுன்லோட் பண்ணி வச்சிருப்பீங்களோன்னு..."

"உன்கிட்ட இல்லையா?"

"இல்லண்ணா. அந்த சீன் பாக்கவே எனக்கு வெக்கமாயிருச்சு. போன்ல எடம் இல்லன்னு அந்த ஃபுட்டேஜ் எல்லாம் அழிச்சுட்டேன். பழைய லிங்கையும் எடுத்துட்டேன்."

அவள் தொடர்ந்தாள், குழந்தையைப் பார்த்துக்கொண்டே.

"அது நடிப்பு இல்லண்ணா. நெஜமாவே அன்னிக்கு அம்மாவ ஏர்போர்ட்ல விட்டுட்டுத்தான் வந்தேன். டாஷ்போர்டுல போன வச்சு ஹேண்டில் ஷாட்ட எடுத்துட்டிருந்தேன். அழுகை தானா வந்துருச்சு. அப்ப பாத்து அம்மா கூப்ட்டாங்க, என் கையில இருந்த வாட்ச்லயே எடுத்துப் பேசினேன். காமெரா ஓடிட்டே இருந்துச்சு. அம்மாவுக்கு ரெக்கார்ட் ஆவறதே தெரியாது."

"சொல்லவே இல்லையே நீ..."

"என்னன்னு சொல்றது? நீங்க ஓவர் ஆக்டிங்னு சொன்னப்புறம், நெஜ அழுகைன்னு சொன்னா இன்னும் அசிங்கம்னு தோணுச்சு."

உமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அம்மா வீடியோ வேற நெறைய இருக்குண்ணா. எல்லாத்துலயும் காமெராவப் பாத்து சிரிச்சிட்டு நிப்பாங்க. அதுல மட்டுந்தான் எங்கிட்டப் பேசற மாதிரி பேசியிருப்பாங்க." உமாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நீங்க சொன்னதுதான் கரெக்ட். படத்துக்கு அது தேவையில்ல. எனக்குத்தான் தேவை."

அவள் என்னைக் குற்றம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் பேசவிடாமல் செய்தது. 'சுகந்தி, அதைப் பார்த்து நான் கையைக் கடித்துக்கொண்டு அழுதேன்' என்று அப்போது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்குமா? அல்லது, தன் அம்மாவின் குரலை ஒரு பொய்யை நம்பித் தொலைத்துவிட்டோம் என்று தெரிந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

"தேடிப் பாக்கறேம்மா" என்றேன்.

தேடினேன். பழைய மடிக்கணினி, மின்னஞ்சல்கள், எல்லாவற்றையும். ரகுவிடம் கேட்டேன், அவரும் இணைப்பிலிருந்து நேரடியாகத்தான் ஓட்டியிருந்தார். கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டேன். யாரிடமும் இல்லை. பார்த்தவர்களின் நினைவில் மட்டும்தான் இப்போது அந்தக் காட்சி இருக்கிறது. அங்கேயும் அதை மட்டமான காட்சியாகத்தான் நான் பதித்து வைத்திருக்கிறேன்.

கடைசி ஆளும் இல்லை என்று சொன்ன அன்று மாலை, உமா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னேன். நான் அழுததை, ரகுவின் சிரிப்பை, முகம் கழுவியதை, எல்லாவற்றையும்.

"அழுதீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்குப் பின்னாடிதான உக்காந்திருந்தீங்க. கேட்டுச்சு."

"அப்ப ஏன் கேக்கல நீ?"

"கேட்டேனே. அலர்ஜின்னீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"சரி, இப்பச் சொல்லுங்க. அந்த சீன் நல்லாருந்துச்சா, இல்லையா?"

"எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்து..."

"அது கேக்கல. நல்லாருந்துச்சா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். வயலின் அதிகம்தான். அழுகை நீளம்தான். அரங்கம் எழுந்து நின்றது உண்மைதான். என் தோள் குலுங்கியதும் உண்மைதான். எதை எடுத்து எதன் மேல் வைப்பது? நான்கு குடும்பங்களுக்குப் படம் பார்க்கலாமா என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இந்த ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியல உமா."

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடம் கேட்காதவன், இப்போது மட்டும் எந்த முகத்தோடு கேட்பது?

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் சுகந்தி புதிதாக ஒரு படம் எடுத்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். வேறு யாருக்கும் காட்டும் முன் நான் பார்க்க வேண்டுமாம். அனுப்பியிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன்.

தாயின் இறுதிச் சடங்குக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு பெண்ணின் கதை. அவள் வீட்டுக்குள் வருகிறாள். செருப்பைக் கழற்றுகிறாள். பெட்டியைத் திறக்கிறாள், நமக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிகிறது. குழந்தைக்குப் பால் காய்ச்சுகிறாள். வேலைக்குப் போகிறாள், மீட்டிங்கில் பேசுகிறாள். இசை இல்லை. போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவள் முகத்துக்கு அருகே காமெரா ஒருமுறைகூடப் போகவில்லை. படம் முழுவதும் யாரும் அழவில்லை.

அவளுடைய அம்மா செத்துப் போயிருக்கிறார், படத்தில் யாரும் அழவில்லை...

நான் கற்றுக்கொடுத்த பாடமா இது? அல்லது அவள் தானாகவே கண்டடைந்த வழியா? ஒவ்வொரு ஷாட்டும் அளவாக இருக்கிறது. விழாக்களுக்குப் போகும், பரிசும் வாங்கும் என்று நினைக்கிறேன். நன்றாக இருக்கிறது என்றும் நினைக்கிறேன். இரண்டாவது முறை பார்த்தேன். எனக்கு ஒன்றும் நேரவில்லை. அது படத்தின் குறையா, என் குறையா? 'அழு சுகந்தி, ஒரு இடத்திலாவது அழு' என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு அபிப்பிராயம்தான். அதையும் அவள் கேட்டுக்கொள்வாள். "சரிண்ணா" என்பாள். அதற்கேற்றபடி எதையாவது வெட்டுவாள், எதையாவது ஒட்டுவாள்.

படம் எப்படி இருக்கிறது என்று கேட்க, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இன்று மாலையில் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.